எட்டடிக் கவசம்: எதில் செய்வது, எதில் தொங்கவிடுவது?

"மாமா, எட்டடிக்குக் கொறையக் கூடாது."

அக்கா மகன் திண்ணையில் சார்ட் பேப்பரை விரித்துவைத்துச் சொன்ன முதல் வார்த்தை இது. மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கிறான். தாளில் ஒரு விண்வெளிப் படைவீரன் நின்றான். கவிழ்த்த அண்டா போலத் தோள்கள், மார்பில் நீல விளக்கு, முதுகில் இரண்டு உருளை, ஆட்டுரல் கனத்துக்குப் பூட்ஸ். கல்லூரி விழாவில் இதைப் போட்டுக்கொண்டு மேடையேற வேண்டுமாம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. நெல்லைச் சீமைப் பிள்ளைக்கு விண்வெளி இப்போது பஸ் ஏறிப் போகிற தூரம்தான். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

அவன் கேட்டது பொருளைப் பற்றி. "3டி பிரிண்டர்ல அடிச்சிரலாமா, ஃபைபர்ல போடலாமா, ஃபோம்லயா? நீங்கதான் சொல்லணும்."

"ஏல, அத யாரு தூக்குவா?"

"நாந்தான்."

"எங்க தூக்குவ? தோள்லயா, இடுப்புலயா?"

பதில் இல்லை. இந்தக் கேள்வியை நான் குலசையில், அதே குலசேகரன்பட்டினத்தில், கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர்த் தசரா குழுவுக்குப் பதினான்கு வருஷம் காளி வேடத்துக்குக் கைகளும் கிரீடமும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். முத்தாரம்மனுக்கு விரதமிருந்து கட்டும் வேடம் நேர்ச்சை. அதையும் இதையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. கைவேலையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். முதல் வருஷம் நான் கட்டிய கைகளும் கிரீடமும் சேர்ந்து 9 கிலோ. கையெல்லாம் தோளில் கயிற்றிலும், கிரீடம் தலையிலும் நின்றன. ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது வேடம் கட்டியவருடைய தோளில் கயிறு பதிந்து தோல் உரிந்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அடுத்த வருஷம் அதே 9 கிலோவை முதுகுச் சட்டத்தில் ஏற்றி, சட்டத்தை இடுப்புப் பட்டையில் உட்கார வைத்தேன். அவரே கட்டினார். நன்றாக நடந்தார்.

ஆகவே பொருளை ஒப்பிடும் முன் எடையை ஒப்பிட வேண்டும். மனித உடம்பின் தோல் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கும். இவன் வரைந்திருக்கும் பெரிய கவசத்துக்கு ஓடு மட்டும் ஐந்து சதுர மீட்டராவது வரும். அதை வைத்துக் கணக்குப் போட்டோம். செருப்புக்குப் போடும் மெத்தென்ற ஈவிஏ ஃபோம், 10 மில்லிமீட்டரில், கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி உள்ளது என்றால் 5 கிலோ. பசையும் மேலே ஒட்டும் அலங்காரப் பட்டைகளும் சேர்ந்தால் 7. ஐந்தடுக்கு அட்டை சுமார் 4 கிலோ. 3 மில்லிமீட்டர் கனத்தில் ஃபைபர் கிளாஸ் போட்டால் 22 கிலோவுக்குக் கிட்ட. அதே கனத்தில் பிஎல்ஏ அச்சு, அதாவது 3டி பிரிண்டரில் ஓடும் பிளாஸ்டிக் இழை, 18, 19 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு பதின்மூன்றரை. பெயர்ப்பலகைக்காரர்கள் பயன்படுத்தும் 5 மில்லிமீட்டர் சன்போர்டும் ஏறக்குறைய அலுமினியத்தின் எடைதான்; சூடு காட்டாமல் வளைக்கவும் வராது, விளிம்பில் தட்டினால் சில்லு பெயரும். அலுமினியத்தில் விளிம்பு கையை அறுக்கும், நெளிந்தால் நிமிராது. இந்த இரண்டையும் அன்றே தள்ளிவிட்டோம்.

"அந்தக் காலத்துப் போர்வீரன் இருபது கிலோ கவசம் போட்டுச் சண்டையே போட்டிருக்கானே மாமா" என்றான். உண்மைதான். ஐரோப்பிய இரும்புக் கவசம் 15 முதல் 25 கிலோ இருந்தது. ஆனால் அது உடம்போடு ஒட்டி, கை எடையைக் கையும் கால் எடையைக் காலும் சுமக்கும்படி பிரித்துக் கட்டியது. பெரிய கவசத்தில் எடை உடம்பை விட்டு ஓர் அடி தள்ளி நிற்கிறது. கையை நீட்டி ஒரு குடம் தண்ணீரைப் பிடிப்பதும் இடுப்பில் அணைத்துக்கொள்வதும் ஒன்றா?

முதலில் பிரிண்டர். அவனுக்கு அதில்தான் மனசு, அதனால் அதை அவசரப்பட்டு ஒதுக்கவில்லை. அச்சில் வரும் கூர்மை வேறெதிலும் வராது. தலைக்கவசத்தின் கண் விளிம்பு, மார்பு விளக்கின் வளையம், விரல் கணுக்கள் இவற்றுக்கு அது அருமையான வழி. முழுக் கவசத்துக்குச் சரிவராததற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. அவன் நண்பனிடம் இருக்கும் இயந்திரத்தின் தட்டு 22 சென்டிமீட்டர் சதுரம். மார்புத் தகடு ஒன்றையே பல துண்டாக்கி அடித்து ஒட்டித் தேய்க்க வேண்டும். ஒரு கிலோ இழை தீர இரண்டு மூன்று நாள் ஓடும் இயந்திரம் அது. 19 கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் இரவு பகலாக ஓட்ட வேண்டும்; நடுவில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு போகும்.

அதைவிடப் பெரிய விஷயம் வெயில். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். நம் ஊரில் வெயிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் கறுப்புப் பொருள் அந்தச் சூட்டைத் தொடுவது பெரிய காரியமில்லை. அவன் சிநேகிதன் ஒருவன் செய்த தலைக்கவசம் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் அரைநாள் கிடந்து, நெற்றி உள்வாங்கி வந்தது. ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 105 டிகிரி வரை தாங்கும். ஆனால் அச்சடிக்கும்போது மூலை தூக்கிக்கொள்ளும், மூடிய பெட்டி வேண்டும், புகையும் ஆகாது. ஆகவே சிறு பாகங்களுக்கு மட்டும் அச்சு.

அடுத்தது ஃபைபர். இதற்குச் சாதகமாக நம் பக்கத்தில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. உவரி, இடிந்தகரைக் கடற்கரையில் ஓடும் ஃபைபர் படகுகள்! அவற்றைச் செய்கிற, பழுது பார்க்கிற கைகள் இங்கேயே உண்டு. கண்ணாடி இழைப் பாயை வார்ப்பு அச்சில் விரித்து ரெசின் தடவி, உருளையால் காற்றுக் குமிழ் எடுக்கும் பக்குவம் புத்தகத்தில் வராது. அச்சுக்கு முன்மாதிரி செய்யவும் காருகுறிச்சிக் குயவர்கள் பிசையும் களிமண் இருக்கிறது. உறுதி என்று பார்த்தால் ஃபைபரை எதுவும் வெல்லாது. பத்து வருஷம் கிடக்கும். ஒரே அச்சில் பத்துத் தோள் எடுக்கலாம்.

எனக்கு இதில் இரண்டு தடை. ஒன்று, நமக்கு வேண்டியது ஒரே ஒரு கவசம். களிமண்ணில் வடித்து, அதன் மேல் அச்சு எடுத்து, மெழுகு தடவி, பிறகு பாகம் எடுப்பது என்பது ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை செய்கிற வேலை. ஒற்றைப் பிரதிக்கு அந்த உழைப்பு வீண். குழுவாகப் பத்துப் பேர் போடப் போகிறார்கள் என்றால் என் தீர்ப்பு மாறிவிடும். இரண்டு, ஆபத்து. பாலியஸ்டர் ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்று இரண்டு சதவீதம்தான் சேர்ப்பார்கள். நம் சூட்டில் அதைக் குறைத்துத்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தகரத்திலேயே கட்டியாகிப் புகையும். அந்த ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அதையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முடுக்கியையும் நேராக ஒன்றோடு ஒன்று கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்டனர். படகுக்காரர் கைக்கு இது பழக்கம். பத்தொன்பது வயதுப் பையன் மொட்டை மாடியில் தனியாக இதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். வேண்டுமென்றால் தொழில் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கற்கட்டும்.

மிச்சம் ஃபோம். உலகம் முழுக்க இந்தக் கவசம் கட்டும் பொழுதுபோக்குக்காரர்களில் பெரும்பாலோர் இதற்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. செருப்புச் சாமான் விற்கும் கடையில் ஷீட்டாகக் கிடைக்கும். குழந்தைகள் விளையாடத் தரையில் கோர்த்துப் போடும் வண்ணப் பாயும் பெரும்பாலும் இதுவே. யோகா பாய் என்று விற்பதை நம்பி வாங்காதீர்கள். அதில் பல வேறு ரப்பர், சூட்டுக்கு இணங்காது. நல்ல ஈவிஏவை ஹீட் கன் காற்றில் காட்டினால் மேல்தோல் மூடிப் பளபளக்கும். அந்தச் சூட்டோடு முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்தால் வளைவு அப்படியே நிற்கும். தலைமுடி உலர்த்தும் கருவிக்கு அந்தச் சூடு வராது.

கத்திதான் இதில் உயிர். பத்து அடி வெட்டியதும் கத்தி மழுங்கும். மழுங்கின கத்தி ஃபோமைக் கடித்துக் குதறும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர் தடவும் மஞ்சள் பசை, ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்றது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் நகர்த்த முடியாது. இதன் ஆவி தலை சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். திறந்த இடத்தில், அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து செய்ய வேண்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேலை சீக்கிரம் முடியும் என்று அதைக் கையில் எடுக்க வேண்டாம். வெயிலில் அந்தப் பசை இளகி மூட்டு வாய் பிளக்கும். தெர்மாகோலை நடுவில் வைத்து உப்ப வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் பசையும் ஸ்ப்ரே பெயிண்ட்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெயிண்ட்டுக்கு முன் வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நாலைந்து பூச்சு கொடுத்தால் ஃபோம் பெயிண்ட்டைக் குடிக்காது.

ஃபோமுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அது சூட்டை வெளியே விடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் சூடு தள்ளுகிறான். பாரத்தோடு நடந்தால் அது மூன்று நான்கு மடங்கு. விண்வெளிக்கே போகிற உடை என்ன செய்கிறது என்று பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெளியே நடக்க அமெரிக்கர்கள் அணியும் உடை பூமியில் 127 கிலோ. அதற்குள் போடுவது தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் தைத்த உள்ளாடை. குழாயின் நீளம் 90 மீட்டருக்கு மேல். அவர்களே சூட்டை அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி திரும்பி வருகிறது: எங்கே தூக்குவது? ஃபோமை உடம்பில் ஒட்டி அணிந்தால் பத்து நிமிஷத்தில் பனியன் பிழியலாம். அதே ஃபோமை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, உடம்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டால், கீழே இடுப்பில் குளிர்ந்த காற்று நுழைந்து கழுத்து வழியே சூடு வெளியேறும். பழைய சமையலறைப் புகைக்கூண்டு மாதிரி. இடுக்கமான கவசத்தில் இதற்கு இடமே இல்லை. பெரிய கவசத்தில்தான் முடியும். அளவு நமக்குப் பாரம் என்று நினைத்தோம், அதுவே காற்றும் தருகிறது. கழுத்துக்குப் பின்னால் யுஎஸ்பியில் ஓடும் 12 சென்டிமீட்டர் விசிறி இரண்டை வெளியே ஊதும்படி வைத்தால் போதும், பவர் பேங்க்கில் ஓடும்.

சட்டத்துக்கும் நாலு வழி பார்த்தோம். சப்பரம் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் மூங்கில் பட்டை இலேசு, வளையும், உடைந்தாலும் வழியிலேயே கட்டிக்கொள்ளலாம். ஆனால் முதுகுத்தண்டாக நிற்கும் விறைப்பு அதில் இல்லை. பிவிசி குழாய் மலிவு. வெயிலில் துவண்டு, கனமும் கூட. அலுமினியக் குழாய் விறைப்பாக நிற்கும், பார்டிஷன் போடுகிறவர் அரை மணியில் வெட்டி ரிவிட் அடித்துத் தருவார். மலை ஏறுகிறவர்களின் முதுகுப்பைச் சட்டம் நாலாவது. அதன் இடுப்புப் பட்டை செய்யும் வேலையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பாரத்தில் பெரும்பங்கை இடுப்பு எலும்புக்கு இறக்குவதற்கென்றே செய்தது. என் முடிவு கலப்பு: பழைய முதுகுப்பைச் சட்டம் அடித்தளம், அதில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு அலுமினியக் குழாய், விலா எலும்புகளுக்கு மூங்கில் பட்டை. மோட்டார் வைத்துத் தூக்கலாமே என்று கேட்டான். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் அப்படி ஒன்று செய்யப் பார்த்தது, ஹார்டிமேன் என்று பெயர். அதன் எடை 680 கிலோ. முழுதாக ஒரு மனிதனை வைத்து அதை இயக்கவே முடியவில்லை. பேச்சு அதோடு நின்றது.

உயரத்தில்தான் எங்களுக்குள் சண்டை. பையன் ஐந்தடி ஏழு அங்குலம். எட்டடி வேண்டுமென்றால் கட்டைக்கால் கட்டியாக வேண்டும். பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள் மரக்காலில் ஆடத்தான் செய்கிறார்கள். அது வருஷக்கணக்கான பயிற்சி. இங்கே காலைப் பார்க்க முடியாத கவசம், மேடைப்படி, கீழே வயர்கள். விழுந்தால் கையை ஊன்றக்கூட வழியில்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் சொன்ன மாற்று, தலையை மேலே தூக்குவது. தலைக்கவசத்தை அவன் தலையில் மாட்டாமல் சட்டத்தின் உச்சியில் நிறுத்துவது. அவன் முகம் கவசத்தின் கழுத்துப் பகுதியில் இருக்கும். முன்னால் கறுப்பு வலை. வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு உள்ளே தெரியாது, இவனுக்கு வெளியே தெரியும். கழுத்தில் ஒரு கிராம் பாரம் இல்லை, மூச்சு முட்டாது. பூட்ஸ் அடி 12 சென்டிமீட்டர், மேலே தலைக்கவசம் 28 சென்டிமீட்டர், நடுவில் கொஞ்சம் இடைவெளி. அவனுடைய 170 சென்டிமீட்டரோடு கூட்டினால் 220 சென்டிமீட்டர், ஏழேகால் அடி.

"முக்காலடி கொறையுதே மாமா."

"மருமவனே, அளவுகோல வச்சா பாக்கப்போறாங்க? தலய வச்சுத்தான் ஆளோட உசரம் தெரியும்."

சாதாரண மனிதன் தன் தலையைப் போல ஏழரை மடங்கு உயரம். ஓவியர்களும் சிற்பிகளும் வீரனை வரையும்போது எட்டு, ஒன்பது மடங்கு வைப்பார்கள். தலையைச் சின்னதாக்கித் தோளை அகட்டினால் கண் தானாகவே ராட்சதன் என்று எடுத்துக்கொள்ளும். அவன் வரைந்த படத்தில் தலை பூசணிக்காய் அளவு இருந்தது. அதனால்தான் தாளில் அது குட்டையாகத் தெரிந்தது. தலையை அழித்துச் சின்னதாகப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே முதுகு உருளைகளை மேலே இழுத்து நீட்டினான். அவை எட்டடியைத் தொட்டன. இரண்டு பேருக்கும் சம்மதம்.

கழற்றுவதைப் பற்றி நான் விட்டுக்கொடுக்காதவை சில. எல்லா இணைப்பும் பை தைப்பவரிடம் கிடைக்கும் நைலான் நாடாவும் அழுத்தினால் விடும் பிளாஸ்டிக் கிளிப்பும்தான், முடிச்சு கூடாது. உள்ளே இருப்பவன் யார் உதவியும் இல்லாமல் அரை நிமிஷத்தில் வெளியே வர வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே மூச்சில் உள்ளே நிற்கக் கூடாது; தண்ணீரும் கையுமாக ஒருவன் கூடவே நடக்க வேண்டும். தலை வலித்தாலோ கண் இருட்டினாலோ வியர்வை திடீரென்று நின்றாலோ விழாவாவது மண்ணாவது, கழற்றிவிட வேண்டும். தோள் இரண்டும் தனியே கழன்றால்தான் எங்கள் வீட்டு வாசலில் நுழையும். இரண்டேமுக்கால் அடி வாசல். குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போகவும் அது வசதி.

ஃபோம் வாங்கும் முன் இரண்டு வேலை. அட்டையில் முழு அளவில் ஒரு மாதிரி வெட்டி, மாஸ்கிங் டேப்பில் ஒட்டிப் பார்ப்பது. கம்ப்யூட்டரில் உருவத்தைத் தட்டையாகப் பிரித்துத் தரும் பெப்பகுரா என்ற மென்பொருளில் அவன் வடிவங்களை எடுத்துவிட்டான். பாய்க்கடை முதல் பலசரக்குக் கடைவரை அட்டைப் பெட்டி தந்து உதவினார்கள். அட்டையில் தப்பினால் பத்து நிமிஷம் போகும்; ஃபோமில் தப்பினால் ஒரு ஷீட் போகும். சிலர் அட்டையிலேயே முடித்துவிடலாமே என்று கேட்கிறார்கள். ஒரு நாள் மேடைக்கு அதுவே போதும், எனக்கு அதில் மறுப்பில்லை. வியர்வைக்கும் ஐப்பசி மழைக்கும் அது நிற்காது, அவ்வளவுதான்.

இன்னொரு வேலை சட்டத்தைச் சோதிப்பது. ஓடும் சட்டமும் சேர்ந்து 12 கிலோவுக்குள் வர வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறோம். போன ஞாயிறு சாயங்காலம் வெறும் சட்டத்தில் அரிசியைச் சிறு சிறு பையாகக் கட்டினோம், மொத்த பாரம் 12 கிலோ வருகிற அளவுக்கு. தோள் வருகிற இடத்தில் இரண்டிரண்டு கிலோ, மிச்சம் மார்பிலும் முதுகிலும். மாடியில் அரை மணி நேரம் நடந்தான், படி இறங்கி ஏறினான், குனிந்து நிமிர்ந்தான். இடுப்புப் பட்டை பாரத்தை வாங்கிக்கொண்டது. தோளில் தடம் இல்லை. முன்பக்கப் பாரம் கூடி உடம்பு லேசாகக் கவிழ்ந்தது. மார்பிலிருந்து ஒரு பையை அவிழ்த்து முதுகு உருளை வருகிற இடத்தில் கட்டியதும் நிமிர்ந்துகொண்டான். அதனால் விசிறி, பவர் பேங்க், விளக்குக்கான பேட்டரி எல்லாவற்றுக்கும் இடம் உருளைக்குள்தான் என்று முடிவாயிற்று.

வருகிற சனிக்கிழமை டவுணுக்குப் போய் 10 மில்லிமீட்டரில் ஆறு ஷீட், 6 மில்லிமீட்டரில் இரண்டு ஷீட் எடுக்கிறோம். முதலில் வெட்டப்போவது இடது தோள்.